ஆங்கில வாக்கியத்தில் கமா: போட வேண்டிய இடம், போடக்கூடாத இடம்

ஆபீஸ் மெயிலில் சின்ன இலக்கணப் பிழை இருந்தால் படிப்பவர் மனதுக்குள் திருத்திக்கொண்டு போய்விடுவார். கமா தப்பினால் அவரால் திருத்திக்கொள்ள முடியாது. தப்பான கமாவோடும் அந்த வாக்கியம் ஒழுங்காகவே ஓடும், வேறு அர்த்தத்தில். போனஸ், நோட்டீஸ் பீரியட், டெலிவரி தேதி என்று பணம் சம்பந்தப்பட்ட வரிகளில்தான் இது அதிகம் கடிக்கிறது.

தமிழில் எழுதிப் பழகிய நமக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. 'வந்தால்', 'வந்தாலும்', 'வந்ததால்', 'வந்தார் என்று' என வினையின் வாலே இரண்டு வாக்கியங்களைப் பின்னிவிடும். பெரும்பாலும் கமா இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருள் மாறாது. மூச்சு வாங்கும் இடத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்வோம். ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு வால் கிடையாது. எது முழு வாக்கியம், எது அதைச் சார்ந்த பகுதி என்று காட்டும் வேலையில் பாதியை அங்கே கமாதான் செய்கிறது.

இரண்டு பெயர்களை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். எழுவாயும் வினையும் இருந்து, தனியாக எடுத்து வைத்தாலும் நிற்பது முழு வாக்கியம். 'இஃப்', 'வென்', 'பிகாஸ்', 'ஆல்தோ', 'ஹூ', 'விச்' போன்ற சொல்லில் தொடங்கி இன்னொன்றைச் சார்ந்து நிற்பது துணை வாக்கியம். இன்றைக்கு அனுப்பப்போகும் முதல் மெயிலிலிருந்தே கீழே உள்ளவற்றைப் பார்க்கத் தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

1. இரண்டு முழு வாக்கியங்களை 'அண்ட்', 'பட்', 'ஸோ' சேர்த்தால், அந்தச் சொல்லுக்கு முன் கமா போடுங்கள்.
இல்லையென்றால் படிப்பவர் இரண்டாவது வாக்கியத்தின் எழுவாயை முதல் வாக்கியத்தோடு ஒட்டிவிடுவார். 'ஐ மெட் தி மேனேஜர் அண்ட் தி கிளையன்ட் வெயிட்டட் அவுட்சைட்' என்று எழுதிப் பாருங்கள். 'கிளையன்ட்' வரை படித்தவர், நீங்கள் மேனேஜரையும் கிளையன்ட்டையும் சேர்த்தே சந்தித்தீர்கள் என்று நினைப்பார். 'வெயிட்டட்' வந்ததும் இடறித் திரும்பிப் போவார். 'மேனேஜர்' என்ற சொல்லுக்குப் பின் ஒரு கமா இருந்தால் இந்தத் தடுமாற்றமே இல்லை.

இப்படிச் சேர்க்கும் சொற்கள் மொத்தம் ஏழு: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ஃபேன்பாய்ஸ் என்று மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். 'அண்ட்'டுக்கு முன் கமா போடாதே என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்து உங்கள் கை தயங்கும். அந்த விதி 'ரைஸ், தால் அண்ட் சால்ட்' மாதிரியான பொருள் பட்டியலுக்குச் சொன்னது. அதை வாக்கியங்களுக்கும் இழுத்து வந்ததுதான் நம்மில் பலரிடம் இருக்கும் முதல் பிழை.

2. இணைப்புச் சொல்லை விரலால் மறைத்துவிட்டு வலப்பக்கத்தைப் படியுங்கள்.
அது தனியாக நின்றால் கமா வேண்டும், நிற்காவிட்டால் வேண்டாம். 'ஐ கால்ட் ஹிம், பட் ஹி டிட் நாட் பிக் அப்' என்பதில் 'ஹி டிட் நாட் பிக் அப்' தனியாக நிற்கிறது. 'ஐ கால்ட் ஹிம் பட் காட் நோ ஆன்ஸர்' என்பதில் 'காட் நோ ஆன்ஸர்' நிற்கவில்லை, யார் என்ற கேள்வி வருகிறது. இரண்டு பக்கமும் மிகச் சின்ன வாக்கியங்களாக இருந்தால் கமாவை விட்டுவிடவும் இடம் உண்டு: 'ஹி கேம் அண்ட் ஐ லெஃப்ட்'.

3. துணை வாக்கியம் முன்னால் வந்தால், அது முடியும் இடத்தில் கமா போடுங்கள்.
தமிழில் துணை வாக்கியம் வழக்கமாக முன்னால்தான் வரும் ('சர்வர் நின்றுபோனால் கூப்பிடுங்கள்'). அதனால் ஆங்கிலத்திலும் நம் கை தானாக 'இஃப்', 'வென்', 'ஆஃப்டர்' என்றே தொடங்கும். தொடங்கலாம், தப்பில்லை, ஆனால் எல்லையைக் காட்டிவிடுங்கள். 'ஆஃப்டர் வி பெய்ட் தி வெண்டர் ரெய்ஸ்ட் தி ரேட்' என்பதைப் படிப்பவர், வெண்டருக்குப் பணம் கொடுத்தீர்கள் என்று முடித்துவிட்டு, ரேட்டை ஏற்றியது யார் என்று தேடுவார். 'பெய்ட்' என்ற சொல்லுக்குப் பின் கமா போடுங்கள்.

அதே துணை வாக்கியம் பின்னால் போனால் பெரும்பாலும் கமா தேவையில்லை: 'கால் மீ இஃப் தி சர்வர் இஸ் டவுன்'. முரணைச் சொல்லும் 'ஆல்தோ', 'வேர்ஆஸ்' மட்டும் விலக்கு. அவை பின்னால் வந்தாலும் முன்னே ஒரு கமா வாங்கும்.

4. 'ஹூ', 'விச்' எழுதும்போது, அது ஆளைப் பிரித்துக் காட்டுகிறதா, கூடுதல் தகவலா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.
இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் மனதில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஒரு எச்ஆர் சர்க்குலர் இப்படி வருகிறது: 'தி எம்ப்ளாயீஸ் ஹூ கம்ப்ளீட்டட் தி டிரெய்னிங் வில் கெட் எ போனஸ்'. டிரெய்னிங் முடித்தவர்களுக்கு மட்டும் போனஸ். இப்போது இரண்டு கமா சேர்க்கிறோம்: 'தி எம்ப்ளாயீஸ், ஹூ கம்ப்ளீட்டட் தி டிரெய்னிங், வில் கெட் எ போனஸ்'. இப்போது எல்லோரும் டிரெய்னிங் முடித்துவிட்டார்கள், எல்லோருக்கும் போனஸ். சொற்கள் அப்படியே இருக்கின்றன. கம்பெனியின் செலவு மாறிவிட்டது.

தமிழில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம்தான்: 'டிரெய்னிங் முடித்த ஊழியர்களுக்கு போனஸ் உண்டு'. எந்த அர்த்தம் என்பதைச் சூழ்நிலை பார்த்துப் புரிந்துகொள்வோம். அதனால்தான் ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதே இல்லை. எழுதும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பகுதியை எடுத்துவிட்டால், யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்பது மாறுமா? மாறும் என்றால் கமா கூடாது. மாறாது என்றால் இருபுறமும் கமா.

பொருட்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. பிரித்துக் காட்ட 'தட்' போட்டு கமாவை விட்டுவிடுங்கள். கூடுதல் தகவலுக்கு 'விச்' போட்டு கமா வையுங்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் இதைக் கறாராகப் பார்ப்பார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலம் பிரித்துக் காட்டவும் 'விச்'சை அனுமதிக்கும், ஆனால் கமா விதி அங்கேயும் இதேதான்.

5. நடுவில் செருகிய பகுதிக்கு இரண்டு பக்கமும் கமா போடுங்கள்.
ஒன்றைத் திறந்துவிட்டு மூட மறப்பது மிகச் சாதாரணம். 'மிஸ்டர் குமார், ஹூ ஹெட்ஸ் தி டீம் வில் கால் யூ' என்று நின்றுவிடும். ஒன்று, இரண்டும் இருக்க வேண்டும். அல்லது இரண்டும் இருக்கக்கூடாது.

மூடும் கமாவுக்கு எவ்வளவு வலு என்பதைக் கனடாவில் ராஜர்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனம் அனுபவித்துப் பார்த்தது. தங்கள் கேபிளைக் கம்பங்களில் இழுத்துச் செல்ல 2002-ல் அலையன்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஐந்து ஆண்டுகள் அமலில் இருக்கும், கமா, பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாக நீளும், கமா, ஓராண்டு முன்னறிவிப்பு கொடுத்து முடித்தால் ஒழிய, என்று அந்த ஷரத்து போகும். முதல் ஐந்தாண்டு பத்திரம் என்று ராஜர்ஸ் நம்பியது. அதற்குள்ளேயே முடிக்கலாம் என்றது அலையன்ட். இரண்டாவது கமா நடுப்பகுதியை மூடிவிடுகிறது, ஆகவே முன்னறிவிப்பு நிபந்தனை முதல் ஐந்தாண்டையும் பிடிக்கும் என்று 2006-ல் கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. 20 லட்சம் கனடிய டாலருக்கு மேல் கூடுதல் செலவு என்று ராஜர்ஸ் கணக்குக் காட்டியது. அடுத்த ஆண்டு, அதே ஒப்பந்தப் படிவத்தின் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்து ஆணையம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. எல்லோருடைய ஒப்பந்தத்துக்கும் பிரெஞ்சு வடிவம் இருக்காது.

6. 'நாட்' வந்த வாக்கியத்தில் 'பிகாஸ்' சேர்த்தால் நின்று பாருங்கள்.
'ஐ டிட் நாட் ரிஸைன் பிகாஸ் தி சாலரி வாஸ் லோ'. வேலையை விட்டீர்களா, விடவில்லையா? விட்டேன், ஆனால் சம்பளம் காரணமில்லை என்றும் படிக்கலாம். சம்பளம் குறைவாக இருந்த ஏதோ காரணத்தால் விடவில்லை என்றும் படிக்கலாம். 'பிகாஸ்'க்கு முன் கமா போட்டால் இரண்டாவது அர்த்தம் உறுதியாகும். இன்டர்வியூவில் கேட்கும் கேள்விக்கு எழுதும் பதிலாக இருந்தால் கமாவை நம்பாதீர்கள், வாக்கியத்தையே உடைத்து எழுதுங்கள். மற்ற இடங்களில் 'பிகாஸ்'க்கு முன் கமா தேவையில்லை.

7. ஒப்பந்தம், ஆஃபர் லெட்டர், டெண்டர் என்றால் பட்டியலின் கடைசி 'அண்ட்', 'ஆர்'க்கு முன்னும் கமா போடுங்கள்.
இதைத்தான் ஆக்ஸ்ஃபோர்டு கமா என்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ்ஸும் அமெரிக்காவின் சிகாகோ மேனுவலும் போடச் சொல்கின்றன. செய்தி நிறுவனமான ஏபியின் கையேடு, குழப்பம் வராத இடத்தில் வேண்டாம் என்கிறது. சாதாரண மெயிலில் எதைப் பின்பற்றினாலும் குடி முழுகாது. பணம் பேசும் தாளில் போட்டுவிடுங்கள்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓவர்டைம் கொடுக்கத் தேவையில்லாத வேலைகளைச் சட்டம் வரிசையாகச் சொல்லியிருந்தது. அந்த வரிசை 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று முடியும். 'ஷிப்மென்ட்'டுக்குப் பின் கமா இல்லை. ஓக்ஹர்ஸ்ட் டெய்ரியின் பால் வண்டி டிரைவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்: சட்டம் சொல்வது அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பேக் செய்யும் வேலையை, நாங்கள் பேக் செய்வதில்லை, கொண்டுபோய்க் கொடுக்கிறோம், எனவே ஓவர்டைம் உண்டு. இரண்டு விதமாகவும் படிக்க இடமிருக்கிறது, அப்படியானால் தொழிலாளிக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்று 2017-ல் அப்பீல் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. அதற்குள் மெய்ன் அந்தச் சட்ட வரியையே செமிகோலன்கள் வைத்துத் திருத்தி எழுதிவிட்டிருந்தது.

8. முக்கியமான ஷரத்தை 1, 2, 3 என்று எண் போட்டுப் பிரித்துவிடுங்கள்.
ஒரு கமா தாங்கக்கூடிய எடையைவிட அதிகமாக அதன்மேல் ஏற்றாதீர்கள். இந்தியாவிலும் இது கோர்ட் வரை போயிருக்கிறது. மருந்துச் சட்டத்தின் 27-வது பிரிவில் அப்போது 'ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல்' என்று இருந்தது. 'ஸ்டாக்ஸ்'க்குப் பின் கமா இல்லாததால் 'ஃபார் சேல்' இரண்டையும் சேர்த்தே பிடிக்கிறது, விற்பனைக்காக வைத்திருந்தால்தான் குற்றம் என்று 1979-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறுமனே கையில் வைத்திருந்தவர் அந்தப் பிரிவிலிருந்து தப்பினார்.

செய்யக்கூடாதவை

1. இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டாதீர்கள்.
'ஐ ஹேவ் அட்டாச்ட் தி ஃபைல், ப்ளீஸ் செக்.' இந்த வரி தினமும் எத்தனையோ ஆபீஸ்களிலிருந்து போகிறது. 'ஃபைல் இணைத்திருக்கிறேன், பாருங்கள்' என்பது தமிழில் அழகான வாக்கியம். ஆங்கிலத்தில் இதற்குக் கமா ஸ்ப்ளைஸ் என்று பெயர், பிழை. ஃபுல் ஸ்டாப் வைத்து இரண்டாக்குங்கள். செமிகோலனும் போடலாம், ஆனால் மெயிலுக்கு ஃபுல் ஸ்டாப் போதும்.

2. 'ஹவெவர்', 'தேர்ஃபோர்', 'மோர்ஓவர்' ஆகியவற்றை 'பட்', 'ஸோ' மாதிரி நடத்தாதீர்கள்.
'தி பேமென்ட் இஸ் டன், ஹவெவர், தி இன்வாய்ஸ் இஸ் பெண்டிங்' என்று இருபுறமும் கமா வைத்தால் பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் 'ஹவெவர்' இணைப்புச் சொல் இல்லை, வாக்கியங்களைப் பிடித்துவைக்கும் பலம் அதற்குக் கிடையாது. 'டன்' என்ற சொல்லோடு ஃபுல் ஸ்டாப் வைத்து, 'ஹவெவர்' என்று புது வாக்கியம் தொடங்கி, அதற்குப் பின் கமா போடுங்கள்.

3. ஒரே எழுவாய் இரண்டு வேலை செய்தால் நடுவில் கமா போடாதீர்கள்.
'ஐ செக்ட் தி பில், அண்ட் சென்ட் இட் டு அக்கவுன்ட்ஸ்' என்பதில் 'சென்ட்' செய்ததும் அதே 'ஐ'தான். கமா அந்த 'ஐ'யைப் பிரித்துவிடுகிறது. கமா இருந்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் இன்னொரு 'ஐ' சேருங்கள்.

4. 'தட்' என்ற சொல்லுக்குப் பின் கமா போடாதீர்கள்.
'ஹி டோல்ட் அஸ் தட், தி ஆஃபீஸ் இஸ் க்ளோஸ்ட்.' 'என்று' வரும் இடத்தில் நாம் எடுக்கும் இடைவெளிதான் ஆங்கிலத்தில் கமாவாக வந்து விழுகிறது. அரசு கடிதங்களிலும் வக்கீல் நோட்டீஸ்களிலும் இதைப் பார்த்துப் பார்த்துச் சரிதான் என்று நம்பிவிட்டோம். 'தட்' எதை அறிமுகப்படுத்துகிறதோ அதிலிருந்து அதைப் பிரிக்கக் காரணமே இல்லை.

5. 'ஆல்தோ'வில் தொடங்கிய வாக்கியத்தில் 'பட்' சேர்க்காதீர்கள்.
'ஆல்தோ ஹி இஸ் நியூ, பட் ஹி வொர்க்ஸ் வெல்.' இரண்டும் இணைப்புச் சொல், ஒரு மூட்டுக்கு ஒன்று போதும். 'பட்'டை எடுத்துவிட்டு கமாவை வைத்துக்கொள்ளுங்கள். 'பிகாஸ்'ஸில் தொடங்கி 'ஸோ'வில் முடிப்பதும் இதே பிழை.

6. 'பட்', 'ஆல்தோ' ஆகியவற்றுக்குப் பின்னால் கமா வைக்காதீர்கள்.
'பட், வி நீட் மோர் டைம்' என்பதில் கமா இணைப்புச் சொல்லை அது இணைக்க வேண்டிய வாக்கியத்திலிருந்தே பிரிக்கிறது. கமாவின் இடம் முன்னால். 'அண்ட் இஃப்', 'பட் வென்' என்று இரண்டு சேர்ந்து வந்தாலும் நடுவில் வேண்டாம்.

7. எழுவாய் நீளமாகிவிட்டதே என்று வினைக்கு முன் கமா போடாதீர்கள்.
'தி டாக்குமென்ட்ஸ் சப்மிட்டட் பை தி கேண்டிடேட் லாஸ்ட் வீக், ஆர் மிஸ்ஸிங்.' மூச்சு வாங்குவது உண்மைதான். ஆனால் 'டாக்குமென்ட்ஸ்' ஒரு கரையிலும் 'மிஸ்ஸிங்' மறு கரையிலும் போய்விட்டன. அவ்வளவு நீளம் என்றால் வாக்கியத்தை வெட்டுங்கள்.

8. 'ஸோ தட்' முன் கமா போடாதீர்கள்.
நோக்கம் சொல்லும்போது, அதாவது 'அதற்காக' என்ற பொருளில், அது முன் வாக்கியத்தின் பகுதி: 'சென்ட் இட் டுடே ஸோ தட் வி கேன் பில் தி கிளையன்ட்'. 'ஆகவே' என்ற பொருளில் வரும் வெறும் 'ஸோ'வுக்குத்தான் கமா.

9. கிராமர் செக்கர் காட்டும் திருத்தங்களை மொத்தமாக ஏற்காதீர்கள்.
வேர்டோ கிராமர்லியோ, 'ஹூ'வைச் சுற்றிக் கமா போடச் சொல்லும்போது, போனஸ் எல்லோருக்குமா, சிலருக்கா என்று அதற்குத் தெரியாது. அது உங்களுக்கு மட்டுமே தெரியும். கமா ஸ்ப்ளைஸைப் பிடிக்க அதை நம்பலாம். அர்த்தம் மாறும் இடங்களை நீங்களே பாருங்கள். அனுப்பும் முன் கண்ட்ரோல் எஃப் அழுத்தி 'விச்', 'ஹூ', 'பிகாஸ்', 'ஹவெவர்' என்ற நான்கு சொற்களைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் நின்று, கமாவோடு ஒரு தடவையும் கமா இல்லாமல் ஒரு தடவையும் படியுங்கள். இரண்டு படிப்பிலும் வேறு வேறு அர்த்தம் வந்தால், உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்த பிறகு சென்ட் பட்டனைத் தொடுங்கள்.